செவந்தியின் தண்ணீர் முறை

வல்லத்திராக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிரசாந்த் கொண்டுவரும் பார்சலில் இதை வைக்கிறேன். ஆபீஸில் எல்லோரையும் சமமாக நடத்தவென்று போட்ட கமிட்டியிலிருந்து விலகப் போவதாகச் சொன்னாய். போஸ்டர் ஒட்டுகிறோம், வருஷத்துக்கு ஒருநாள் கிளாஸ் எடுக்கிறோம், கைதட்டிவிட்டுப் பழையபடியே இருக்கிறார்கள், வெறுத்துவிட்டது என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று இதைக் கேட்டுவிட்டுச் சொல்.

நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருக்கும் எனக்குப் பாரபட்சமே கிடையாது என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன். மண் வெட்டுவதும் சுமப்பதும் நம் தெருவுக்கும் காலனிக்கும் ஒரே அளவுதான். தை மாதம் ஊருணி வேலையில் காலனிச் செவந்தி முட்டிவலியோடு மண்சட்டி தூக்கினாள். முடியாதவர்களுக்குத்தானே தண்ணீர் ஊற்றும் வேலை, கேட்டிருக்கலாமே என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, தண்ணி வேலைய எங்க தெருவுல யாருக்குக் குடுத்திருக்கீங்க, ஒங்க நோட்டப் பாருங்க என்றாள். பார்த்தேன். எட்டு மாதத்தில் ஒருத்தி பெயர்கூட இல்லை. யாரும் என்னிடம் இப்படிச் செய் என்று சொல்லவில்லை, என் கையே அப்படி எழுதியிருக்கிறது. கூசிப்போனேன் பிரியா.

மறுநாளே குடத்தைச் செவந்தியிடம் கொடுத்து, முதல் டம்ளரை நானே வாங்கிக் குடித்தேன். நம் தெருக்காரர்கள் இருபத்து மூன்று பேர் அவள் பக்கமே போகவில்லை, அதற்கு அடுத்த நாள் ஆளுக்கொரு பாட்டிலோடு வந்தார்கள். அப்பாவின் அக்கா முத்துமாரியம்மாள் வீட்டுக்கே வந்து, ஒன்னைய இந்த வேலையில இருந்து தூக்கச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறோம் என்றார். கொடுத்தும் விட்டார்கள். அப்பா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அசரவில்லை. முடியாதவர்கள் பெயரை ரெண்டு தெருவும் கலந்து அட்டையில் எழுதி வேப்பமரத்தில் மாட்டினேன், தினமும் அந்த வரிசைப்படியே தண்ணீர் முறை, எவர் முகம் சுளித்தாலும் மாற்றவில்லை. இன்று பாட்டில் கொண்டுவருகிறவர்கள் பதினொரு பேர்தான், உன் அத்தை அதில் முதல் ஆள். புதன்கிழமை ஒன்றிய ஆபீஸில் விசாரணை. வேலை போனால் போகட்டும், அந்தப் பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போவேன். நீயும் போஸ்டரை விடு. உங்கள் ஆபீஸில் எந்த வேலை யாருக்கு இதுவரை போகவே இல்லை என்று தேடிப் பார், முதலில் நீ எழுதிய பட்டியலைப் பார். அதன் பிறகும் விலகத் தோன்றினால் விலகு.

நீ நோய்நொடியில்லாமல் தலைநிமிர்ந்து இரு என்பதே என் ஆசி. பருப்புப்பொடியை ஈரக்கரண்டியால் எடுக்காதே. புதன்கிழமை அப்பாவே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். செவந்தியும் பஸ்ஸில் வருகிறாளாம். நீங்க தண்ணி எடுத்தார வேணாம், நான் கொண்டாரேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்பு அம்மா,
செல்வராணி