இடது கீழ் மூலை

பிப்ரவரி 9

காலையில் துறைமுகத் தூண்கள். விரிசல் எங்கே, துரு எங்கே என்று தண்ணீருக்கடியில் படம் எடுத்துக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. எடுத்துக் கொடுத்தேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றும்போது ஃபோன். துறைமுக அலுவலகம். தேடுதலை இன்றோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். மூழ்கிய கப்பல் கடலடியில் சரிந்து கிடக்கிற விதத்தில் என்ஜின் அறையை நெருங்க வழியில்லையாம். என்ஜின் மெக்கானிக்கான தம்பியையும் கப்பல் சமையல்காரரையும் இனி 'காணாமல் போனவர்கள்' என்றே எழுதிக்கொள்வார்களாம்.

வீட்டில் சொன்னேன். தம்பி மனைவி கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள், கழுவி வைத்த பாத்திரங்களையே. அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காணாமப் போனவன்னா, இருக்கான்னுதானே அர்த்தம்?"

பிப்ரவரி 11

அம்மாவுக்கு ஒரே கேள்வி. என்ஜின் அறைக் கதவு திறந்திருக்கா, மூடியிருக்கா? திறந்திருந்தால் அவன் வெளியே வந்திருப்பான். மீன் மாதிரி நீந்துவான். எங்கோ கரையேறி, நினைவு தப்பி, ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் கிடப்பான். இப்படியே கோத்துக்கொண்டு போகிறாள். ஒரு முடிச்சும் அவிழ்வதில்லை.

"ஊர்ல இருக்கிற தூணையெல்லாம் படம் புடிக்கிறே. உன் தம்பியோட கதவை ஒரு படம் புடிச்சிட்டு வர மாட்டியா?"



பிப்ரவரி 12

மேஜை முழுக்க லென்ஸ்கள். இதை யோசிக்கும்போது மட்டும் அழுகை வருவதில்லை.

கப்பல் கிடக்கிற இடத்தில் தண்ணீர் கலங்கல். நீட்டிய கையின் விரல் மங்கும் என்கிறார் என்னோடு இறங்குகிற வெல்டர் மீசை. தள்ளி நின்று எடுத்தால் மோர் மாதிரி ஒரு வெண்மைதான் படத்தில் இருக்கும். ஒட்டிப் போயாக வேண்டும். ஒட்டிப் போயும் முழுக் கதவும் தெரிய வேண்டுமானால் அகலக் கோண லென்ஸ். அதில் எது?

பதினாறு–முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும். நிலை நிலையாக நிற்கும், கதவு கதவாக. அம்மாவுக்குப் புரிகிற படம். ஆனால் அதற்கு முன்னால் பெரிய கண்ணாடிக் குமிழ் மாட்ட வேண்டும், குடத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி. உள்ளே அடைந்த காற்று கேமராவையே மேலே தூக்கும். கப்பலுக்கும் மண்ணுக்கும் நடுவில் அது நுழையுமா?

ஃபிஷ்ஐ, மீன்கண் லென்ஸ் என்றால் ஆரஞ்சுப் பழம் அளவுக் குமிழ் போதும். கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு நிற்பதையும் தெளிவாகக் காட்டும். ஆனால் கோட்டை வில்லாக்கிவிடும். மூடின கதவு வளைந்து திறந்த மாதிரி தெரியலாம். திறந்தது மூடின மாதிரியும்.

சாதாரண ஜூம் லென்ஸுக்கு முன்னால் தண்ணீருக்குள் போய் மாட்டுகிற வெளி லென்ஸும் ஒன்று இருக்கிறது. இடையில் ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் படம் போச்சு. என் கைகள் இருக்கிற லட்சணத்துக்கு அது வேண்டாம்.

குண்டு இருந்திருந்தால் கேலி செய்திருப்பான். (என் தம்பி ஒல்லிக்குச்சி. அதனால்தான் அவனுக்குக் குண்டு என்று பேர்.) "அக்கா, மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட நீ இவ்ளோ யோசிக்கல. அதான் இப்படி" என்பான். என்பான்? என்றிருப்பான்?

பிப்ரவரி 13

மீசை வருகிறேன் என்றுவிட்டார். தண்ணீருக்கடியில் வெல்டிங் வைக்கிற மனுஷன், நான் இறங்கும்போதெல்லாம் எனக்குத் துணை. ஒரு நிபந்தனை போட்டார். கேமராவைத்தான் நீட்ட வேண்டும், தலையை நீட்டக் கூடாது. சத்தியம் செய்தேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 15

பெரிய குமிழோடு இறங்கினேன். அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று.

நடக்கவில்லை. கப்பல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. கதவு இருக்கிற பக்கம் மண்ணைப் பார்த்து. இடுக்கு ஒரு முழம்கூட இல்லை. தள்ளிப் பார்த்தேன், குமிழ் இரும்பில் உரசிக் கீறல் விழுந்தது. மண் கிளம்பி எதுவும் தெரியாமல் போயிற்று. மீசை தோளைத் தட்டி மேலே கை காட்டினார்.

படகில் ஏறியதும் சொன்னார், மண் ஏறிக்கொண்டே இருக்கிறதாம், கடல் இன்னொரு முறை புரண்டால் அந்த இடுக்கும் இருக்காதாம்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 16

ஃபிஷ்ஐதான். வேறு வழியில்லை.

சின்னக் குமிழில் படத்தின் ஓரங்கள் குழைந்துபோகும். ஒளி புகும் துளையை, அபர்ச்சரை, நன்றாகச் சுருக்கி வைத்தேன், மூலைகளும் கூர்மையாக வரட்டும் என்று. ஃப்ளாஷ் இரண்டையும் அகல விரித்து, குமிழுக்குச் சற்றுப் பின்னால் தள்ளினேன். முன்னால் இருந்தால் மிதக்கிற தூசியெல்லாம் பனி கொட்டுகிற மாதிரி விழும்.

இதையெல்லாம் யாருக்கு எழுதுகிறேன்? எழுதுகிறவரை அந்தக் கதவை நினைக்காமல் இருக்கலாம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17

எடுத்துவிட்டேன். கதவு திறந்திருக்கு!

முழுக்க இல்லை, பாதி. கீழ்ப்பக்கம் மண்ணில் சிக்கி நிற்கிறது. கையை நீட்ட முடிந்தவரை நீட்டி, கேமராத் திரையைப் பார்க்காமலே பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

திரும்பும்போது நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். திறந்திருந்தால் வந்திருக்கலாம் இல்லையா, நீந்தியிருக்கலாம் இல்லையா என்று. மீசை கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டின கயிற்றைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

கரைக்கு வருவதற்குள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

பிப்ரவரி 18

ஏன் சொன்னேன். படத்தைப் பெரிசாக்கிப் பார்க்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா.

முகமூடிக்குள்ளிருந்து நாம் பார்ப்பது ஒரு சின்ன ஜன்னல் அளவு. இந்த லென்ஸ் பார்ப்பது அறை முழுக்க. நான் கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இடது கீழ் மூலையில் ஒரு பூட்ஸ். பூட்ஸ் மட்டும் இல்லை.

குதிகாலில் சிவப்பாக ஒரு பொட்டு. அந்த ஆழத்தில் சிவப்பு என்று ஒன்று கிடையாது, எல்லாம் கறுப்பு. ஃப்ளாஷ் பட்டதால் அந்தச் சிவப்பு வந்திருக்கிறது. மூலைவரை கூர்மையாக.

மூலையை வெட்டிவிட்டால் நல்ல படம். திறந்த கதவு, உள்ளே இருட்டு. அம்மா அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். வெட்டினேன். திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடியும் வெட்டினேன்.

சமையல்காரரோட பூட்ஸா இருக்கலாம். அவருக்கும் அதே பூட்ஸ்தானே — யாரை ஏமாத்துறே நீ?

பிப்ரவரி 19

அம்மா குளிக்கப் போனபோது தம்பி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பெரிசாக்குங்க அண்ணி" என்றாள். பெரிசாக்கினேன். திரைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், தொடாமல் வைத்துக்கொண்டாள்.

"என் நெயில் பாலிஷ்."

கப்பலில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பூட்ஸாம். இவனுடையதை யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். போன முறை லீவில் வந்தபோது அடையாளத்துக்குப் பொட்டு வைத்துவிட்டாளாம். மெக்கானிக் காலில் நெயில் பாலிஷா என்று ஒரே ரகளையாம். சொல்லும்போது சிரித்தாள். அது சிரிப்பாக இருக்கும்போதே வேறாக மாறியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நான் சொன்னால் அம்மா என்னை மன்னிக்க மாட்டாளாம். ஆனால் திறந்திருக்கு என்று சொன்ன வாய் என்னுடையது. இதையும் அதுதானே சொல்ல வேண்டும்.

வெட்டாமல் காட்டினேன். அம்மா மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்துதானே இருக்கு" என்றாள். பிறகு, மெதுவாக, "தொறந்துதானே இருக்கு. அப்புறம் ஏன்டி வரல?"

பிப்ரவரி 23

படத்தைப் பார்த்த பிறகு துறைமுக அலுவலகம் ஆட்களை அனுப்பியது. மீசையும் இறங்கி இரும்பை அறுத்து வழி செய்தார். என்னை இறங்க விடவில்லை. மதியம் கொண்டுவந்தார்கள். சமையல்காரர் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 24

அடக்கம் முடிந்தது.

மார்ச் 3

"நீ போகாம இருந்திருந்தா அவன் எங்கேயாவது இருந்திருப்பான்."

போகச் சொன்னது நீதானேம்மா என்று கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் இவ்வளவு கோபம்.

மார்ச் 8

அம்மா என்னோடு பேசுவதில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று தம்பி மனைவியிடம் சொல்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

மார்ச் 11

கேமராப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். மீசை வந்தார். எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறேன், இனி தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்றேன். டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 19

காலையில் ஒரு பெரியவர் வந்தார். விலாசம் விசாரித்து, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். சமையல்காரரின் அப்பா.

உட்காரவில்லை. என் படங்களில் கப்பலின் சமையலறைப் பக்கம் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். இனிமேல் தெரிய வாய்ப்பு உண்டா என்றார். நான் இப்போது இறங்குவதில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெரியாமல் இருப்பதே சில சமயம் நல்லது ஐயா என்று வேறு சொல்லிவைத்தேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்கம்மா" என்றார். "வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டா என் சம்சாரம் எழுந்து ஓடுறா. முட்டி தேஞ்சவ. நேத்து படியில விழுந்துட்டா."

எனக்குப் பின்னால் அம்மா வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. கையில் தண்ணீர்ச் சொம்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பையனுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார் அவர். கடலிலேயே வேலை, ஆனால் தண்ணீர் என்றால் பயமாம். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல், அவரிடம்தான் சொன்னாள்.

"தண்ணியைக் குடிங்க. அவ போவா."