நாற்பத்தேழாவது எடுத்துக்காட்டு

4 ஜூன் 2024
நாளை மறுநாள் இரண்டாம் ஆண்டு மதிப்பீடு. மொழியியல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆறு கற்றல் நோக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் சான்று காட்ட வேண்டும். படிப்பிக்கும் பாடசாலை விட்டு வந்து படிவத்தை நிரப்பினேன். நான்காவது: 'தகவல் தந்தவர்கள் மீதான பொறுப்பு.' பேச்சைப் பதிவு செய்ய அவர்கள் தந்த ஒப்புதல் கையெழுத்துகளை இணைத்தேன். இரண்டு நிமிட வேலை.

6 ஜூன்
இன்று மதிப்பீடு.
எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பேராசிரியர் கமலேஸ்வரி என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுபவர்.
"பூரணி, நாற்பத்தேழாவது எடுத்துக்காட்டை ஒருக்கா வாசியுங்கோ."
வாசித்தேன். 'அந்தாளு குடிச்சிட்டு வந்தா கவ்வாத்துக் கத்திய ஒளிச்சி வச்சிருவேன்.'
"இதிலை என்ன இருக்கு?"
"'வந்தால்' என்பதில ஈற்று லகரம் கெட்டிருக்கு, மேடம்."
"அதைக் கேக்கேல்லை. இந்த மனிசி என்ன சொல்லுறா?"
ஒரு வருடமாக அந்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பிரித்திருக்கிறேன்.
"அவ இப்ப எங்கை?"
எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பகுதி, மேல் டிவிசன். கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி அக்கா. புருசனுக்குத் தேயிலைச் செடிகளை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து வேலை.
நான்காவது நோக்கம் எட்டப்படவில்லை. மூன்று மாதத்தில் மறு மதிப்பீடு.

7 ஜூன்
அக்காவின் பேச்சுப் பதிவை மறுபடி கேட்டேன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அக்கா இன்னொன்றும் சொல்கிறார். "போன மாசம் ஒளிக்க மறந்துட்டேன்." குரல் தாழ்கிறது. அப்புறம் என் குரல் — என் குரலேதான் — "அக்கா, முன்னாடி சொன்னத இன்னொருக்கா மெதுவா சொல்லுங்க. 'வந்தா' ரெக்கார்டுல சரியா விழல."
அவர் மெதுவாகச் சொல்கிறார்.
நான் என்ன மனுசி?

8 ஜூன்
மேல் டிவிசனுக்குப் போனேன். புருசன் சிவசாமி வேலைக்குப் போயிருந்தார். அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கும் முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டு இடது கைச் சட்டையை மேலே இழுத்தார். முழங்கை வரை தழும்பு. தையல் போட்ட தடம்.
"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"
"சொன்னேனே பூரணி. ரெண்டு தரம் சொல்ல வச்சியே."
அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. "ஒனக்கு வேற வேல போலன்னு நெனச்சிக்கிட்டேன்."
என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.
"போலிசுக்குப் போகணும். எனக்கு சிங்களம் வராது. கூட வர்றியா?"

10 ஜூன்
பாடசாலைக்கு லீவு. அக்காவோடு ஹட்டன் போலிஸ் நிலையத்துக்குப் போனேன். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஓரிடத்தில் 'காயப்படுத்தினார்' என்று இருந்தது.
"வெட்டுனான்னு போடச் சொல்லு," என்றார் அக்கா.
சொன்னேன். திருத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

2 ஜூலை
நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுத்துவிட்டது. சிவசாமி அக்காவின் பக்கமே வரக் கூடாது. அக்கா தலவாக்கலையில் தங்கச்சி மீனம்மா வீட்டுக்குப் போகிறார். பதிவுகளை என்ன செய்ய என்று பஸ்ஸில் கேட்டேன்.
"கோர்ட்டுல கேட்டா குடு. ஒன் புத்தகத்துல வேணாம்."

3 ஜூலை
அக்காவின் பேச்சிலிருந்து எடுத்த பத்தொன்பது எடுத்துக்காட்டுகளையும் நீக்கினேன். மூன்றாம் இயலில் பாதி போய்விட்டது.

5 செப்டெம்பர்
மறு மதிப்பீடு. நான்காவது நோக்கம் எட்டப்பட்டது. மூன்றாவது எட்டப்படவில்லை: தரவு போதாது. இன்னும் ஆறு மாதம். மேற்பார்வையாளர் செல்வரத்தினம் சேர் "அந்தப் பதிவுகள் இருந்திருந்தா..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

8 செப்டெம்பர்
தலவாக்கலை. பகல் பன்னிரண்டு மணி. அக்கா பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது.
"இங்க வந்ததுலருந்து இப்பிடித்தான் தூங்குறா," என்றார் மீனம்மா. "எழுப்பவா?"
வேண்டாம் என்றேன். வாசற்படியில் உட்கார்ந்தேன். ஐந்தரை பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.