மத்தேயோ தூவிய பூத்தண்ணீர்

என்ரை அண்ணை,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் செத்தவீட்டில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு கதையாகச் சொல்லித் திரிகிறார்கள். இதை எங்கள் வாரப் பத்திரிகைக்கே அனுப்பப்போகிறேன். அவர்களும் வாசிக்கட்டும்.

உங்களோடு பாக்டரியில் வேலை செய்த பெரு நாட்டுக்காரன் மத்தேயோ, பெட்டிக்குக் கிட்ட வந்து, போத்தலில் இருந்த வாசனைத் தண்ணீரை வாயில் எடுத்து உங்கள்மேல் தூவினான். அத்தான் பாய்ந்தார். "உவன் பிணத்திலை துப்புறான்! பிடிச்சு வெளியாலை விடுங்கோ!" வெளியே தள்ளிவிட்டார்கள். எச்சில் என்றால் எங்கள் சனத்துக்கு மேற்கொண்டு கேள்வி இல்லையே. நீங்கள் கிடந்த ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத அத்தான்தான் உங்கள் மானத்தைக் காத்தார்.

எனக்கும் அவன்மேல் கோபம்தான். சிவராத்திரிக்கும் கோயிலுக்கு வராத நீங்கள், அவனோடு பெரு மலைக்குப் போய், சான் பெத்ரோ என்ற மயக்கம் தரும் கள்ளியின் சாற்றைக் குடித்துக் கும்பிட்டு வந்தீர்கள். "கஞ்சாப் பூசை" என்று அத்தான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த மலையில் யாரோ ஒரு வைத்தியர் பூசைக்குத் தரையில் விரித்த துணிக்கு முன்னால் மனம் திறந்த நீங்கள், அடுத்த அறையில் கிடந்த என்னோடு ஏன் பேசவில்லை?

போன கிழமை மல்வேர்ன் போகும் பஸ்ஸில் மத்தேயோவைக் கண்டேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கள்ளியை நாள் முழுக்கக் காய்ச்சிக் குடித்து, விடியும்வரை பாடி, கடைசியில் வைத்தியர் வாயால் பூத்தண்ணீர் தூவித்தான் ஆளை அனுப்புவாராம். தூவாவிட்டால் வழி திறக்காதாம்.

"உன் அண்ணனை அப்படி அனுப்ப அந்தச் செத்தவீட்டில் ஒருவரும் இல்லை" என்றான். பிறகு, "தொப்பி உன்னிடம் வந்ததா?" என்று கேட்டான்.

காணாமல் போன என் குளிர்த்தொப்பியை நீங்கள்தான் கொண்டுபோனீர்களாம். அதை அந்தத் துணியில் வைத்து, தம்பி கனடாவுக்கு வந்துவிட்டான், அவன் நிழல் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை, கூப்பிட்டுவிடுங்கள் என்றீர்களாம். வைத்தியர் கோலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாராம். எந்தப் பெயரால் என்று கேட்டேன். சொன்னான். நீங்கள் மட்டுமே என்னைக் கூப்பிடும் பெயர். அவன் நாக்கில் அது கோணலாக வந்தது. உங்களுக்குப் பிறகு அதை நான் கேட்கவே இல்லை, அண்ணை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் பஸ்ஸிலேயே இருந்தேன்.

எனக்காகத்தான் போனனீங்கள் எண்டு ஏன் சொல்லேல்லை? நானும் சிரிப்பன் எண்டு நினைச்சியளோ? இன்னொருக்கால் கூப்பிடுங்கோ. இந்தமுறை வாறன்.

வருஷம் முடிய வரும் உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு மத்தேயோ முன்வாசலால் வருவான், போத்தலோடு. உங்கள் படத்துக்குத் தூவுவான். பக்கத்தில் நான் நிற்பேன். பிடிக்காத அத்தான் வெளியில் நிற்கட்டும்.

கீழே பெயரெழுதப் பேனையை எடுத்தேன். இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயரை எழுதினால் உங்களுக்கு நான் யாரோ. நீங்கள் கூப்பிடும் பெயரைப் பத்திரிகை வாசிப்பவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பேனையை மூடிவிட்டேன். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.