வாசலில் கட்டாத வேப்பிலை

1998 மார்ச், சனி இரவு

பக்கத்து வீட்டுக் கலைவாணிக்கு அம்மை போட்டிருக்கிறது. அடுத்த வாரம் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

என் மகன் ஜோசப்பிடமிருந்து தொற்றியதுதான். அவனுக்கு அம்மை கண்டதும் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினேன். பொருக்கு உதிரும்வரை வீட்டிலேயே வைத்திருந்தேன். நானும் டீச்சர்தானே, அதில் குறை வைக்கவில்லை. ஆனால் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் என்னிடம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளையும் நிறுத்தவில்லை. பரீட்சை நேரத்தில் படிப்பு கெடக் கூடாதே என்று, அவனை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, முன்னறையில் கணக்கு நடத்தினேன். கலைவாணி கதவோரமாகத்தான் உட்காருவாள்.

வாசலில் வேப்பிலை கட்டலாமா என்று அப்போதே இவரிடம் கேட்டேன். "சர்ச்சுக்குப் போற வீட்ல அதெல்லாம் எதுக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இன்று கலைவாணியின் அம்மா வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். கோபப்படவில்லை. "ஒரு கொத்து வேப்பிலையப் பாத்திருந்தா புள்ளைய அனுப்பிருக்க மாட்டேனே டீச்சர்" என்றாள். பிறகு எங்கள் வேப்பமரத்தைப் பார்த்து, "கொஞ்சம் ஒடிச்சுக்கிறவா?" என்று கேட்டாள்.

"உள்ள வந்து ஒடிச்சுக்கங்க" என்றேன்.

"வேணாம் டீச்சர். உங்ககிட்டப் படிக்க வேற புள்ளைகளும் வருதுல்ல."

மதிலுக்கு வெளியே தொங்கிய கிளையை எட்டி ஒடித்துக்கொண்டு போனாள்.