நீ சேர்த்த இரண்டு வரி

நேற்று சாயங்காலம் சிவகாசியிலிருந்து பார்சல் வந்தது. என் நாவலின் இரண்டாம் பதிப்புக்கான மெய்ப்பும் மேலட்டையின் மாதிரித் தாளும். உறையைப் பிரித்ததும் காயாத மையின் வாடை அறை முழுக்கப் பரவியது. உங்கள் அச்சகத்துப் படியேறும்போதே மூக்கில் ஏறுமே, அதே வாடை. மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தவள் அதை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வருகிற ஆவணியோடு நீ போய் மூன்று வருஷம் ஆகிறது.

நான் முதன்முதலாக உன்னைப் பார்த்தபோது என் பையில் ஆறு நோட்டுகள் இருந்தன. விருதுநகரில் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிச் சேர்த்த நாவல். பருத்தி வியாபாரத்துக்காக வண்டி கட்டிப் போன எங்கள் பாட்டையாவின் கதை. வண்டிப் பாதையோரம் ஆளும் மாடும் தாகம் தீர்க்க அவர் ஒரு கிணறு வெட்டினார். அந்தக் கிணறுதான் நாவலின் மையம். இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. நானே அச்சடித்துக்கொள்வது என்று முடிவு செய்து சிவகாசிக்கு வந்தேன். உங்கள் முதலாளி ஜன்னலோரம் கணினி முன்னால் இருந்த உன்னைக் காட்டி, "காலண்டர் சீசன் முடியட்டும் டீச்சர். தை பொறந்ததும் இந்தப் பொண்ணு அடிச்சுக் குடுத்துரும்" என்றார்.

நீ நோட்டைப் புரட்டிப் பார்த்தாய். இத்தனை பக்கமும் அடிக்க முடியுமா என்று கேட்டேன். "வெடி கம்பெனியில ஏழு வருசம் சரம் பின்னுன வெரலு டீச்சர். இதெல்லாம் ஒரு வேலையா?" என்றாய்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் நான் பஸ் ஏறி வருவதும், நீ அடித்து வைத்த பக்கங்களைத் திருத்திக் கொடுப்பதுமாக ஒரு மாதம் போனது. என் 'ன'வும் 'ள'வும் ஒன்றுபோல இருப்பதாகக் குறைப்பட்டுக்கொள்வாய். வேறெதுவும் சொல்ல மாட்டாய். ஐந்தாவது சனிக்கிழமை வந்தபோது மேசையில் பக்கங்கள் இல்லை.

"பத்தாவது அத்தியாயத்துல நிறுத்திட்டேன் டீச்சர்."

"ஏன், எழுத்து புரியலையா?"

"எழுத்து புரியுது. உங்க கதையில வண்டி மாட்டுக்குக்கூடப் பேரு இருக்கு. கிணறு வெட்டுற ஆளுகள்ல ஒருத்தருக்கும் பேரு இல்லையே."

நான் பொறுமையாகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பழைய பத்திரங்களில் எங்கள் குடும்பத்தார் பெயர்கள்தான் இருக்கின்றன, கிணறு வெட்டியவர்களின் பெயர் எங்கும் கிடைக்கவில்லை, வரலாற்று நாவலில் இல்லாததை எழுதக் கூடாது என்றேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய்.

"மாட்டுப் பேரு பத்திரத்துல இருந்துச்சா டீச்சர்?"

நோட்டுகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேறு அச்சகம் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்கள் முதலாளியிடம் சொன்னேன். பஸ்ஸில் வழி முழுக்கக் கோபம் அடங்கவில்லை. எங்கள் குடும்பக் கதையில் தட்டச்சு செய்கிறவளுக்கு என்ன பேச்சு என்றுகூட நினைத்தேன். அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

வீட்டில் பத்தாவது அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். "கூலியாட்கள் சிலர்" என்று இருந்தது. "கூட்டத்தில் ஒருவன்" என்று இருந்தது. சுக்கான் பாறையை உடைத்துக் கூடையில் சுமந்து மேலேற்றியவள் "ஒரு பெண்" என்று இருந்தாள். மாடுகள் வெள்ளையனும் செவலையும். அந்தப் பெயர்களை நானேதான் வைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஊரான ஆமத்தூரில் இறங்கி உன் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தேன். நீ ஆச்சரியப்படவே இல்லை. "வாங்க டீச்சர். சாப்பிட்டீகளா?" என்றாய். மன்னிப்புக் கேட்க நான் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களுக்கு நீ இடமே கொடுக்கவில்லை. கிணற்று வேலைக்குப் போகும் உன் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். கயிற்றில் எப்படி இறங்குவார்கள், வெடி வைத்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், பாறையின் ஈரத்தைப் பார்த்து ஊற்று எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வார்கள் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கூடை சுமக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று உன்னிடமே கேட்டேன்.

"வீராயின்னு வையுங்க. இந்தத் தெருவுல மட்டும் அஞ்சு வீராயி இருக்காக. என்னைத்தான் எழுதியிருக்கீகன்னு யாரும் சண்டைக்கு வர முடியாது."

நாவலைத் திரும்ப எழுத எட்டு மாதம் ஆயிற்று. பாட்டையா கொஞ்சம் ஒதுங்கி நின்றார். வீராயி கதைக்குள் வந்தாள். அடுத்த தையில் நீ மறுபடி முதல் பக்கத்திலிருந்து அடித்துக் கொடுத்தாய்.

வெளியீட்டு விழா விருதுநகரில் நூலக அறையில் நடந்தது. நீ கடைசி வரிசையில், பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாய். வாழ்த்திப் பேச வந்திருந்த ஓய்வு பெற்ற பேராசிரியர் புத்தகத்தைத் திறந்து நிதானமாக வாசித்தார். "ஊற்றுக்கண் திறந்ததும் முதல் கைத் தண்ணீரை வீராயி குடித்தாள். யாரையும் கேட்டுக் குடிக்கவில்லை."

அந்த இரண்டு வரியை நான் எழுதவில்லை.

இந்த வரிகளுக்காகவே ஆசிரியருக்குத் தலைவணங்க வேண்டும் என்றார் அவர். அறை முழுக்கக் கைதட்டல். நான் உன்னைப் பார்த்தேன். நீயும் கைதட்டிக்கொண்டிருந்தாய். நான் எழுந்து கைகூப்பினேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது உன்னைத் தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"நீங்க திருத்திக் குடுத்த பெறகு, அச்சுப் பிளேட்டுக்குப் போற அன்னைக்குச் சேத்தேன் டீச்சர். தண்ணி வந்ததும் நீங்க நேரா உங்க பாட்டையாவுக்குச் சொம்புல குடுத்துட்டீக. அம்புட்டு ஆழத்துல நாக்கு வறண்டு நிக்கிறவ, கால்ல பட்ட தண்ணியக் குடிக்காமலா மேல அனுப்புவா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா யோசிப்பீக."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்த நிமிஷமே மேலே போய் ஒலிபெருக்கியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேராசிரியர் இன்னும் போகவில்லை. நான் சொல்லவில்லை. பிறகு வந்த கடிதங்களில் பாதி அந்த வரிகளைப் பற்றியே பேசின. ஒரு கல்லூரியில் மாணவி ஒருத்தி அது எப்படித் தோன்றியது என்று கேட்டாள். எழுதும்போது தானாக வந்தது என்றேன். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. உங்கள் அச்சகத்துக்கு அந்தப் பத்திரிகை வருமென்று எனக்குத் தெரியும். அடுத்த முறை பார்த்தபோது நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பையனை அனுப்பி எனக்கு டீ வாங்கித் தந்தாய், அவ்வளவுதான்.

வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருந்தபோது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவழியாகச் சொன்னேன். அந்த வரிகள் உன்னுடையவை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும், நான் எழுதிவிடப் போகிறேன் என்றேன். நீ மெலிந்துபோயிருந்தாய், குரல் கம்மியிருந்தது.

"எழுதுங்க டீச்சர். நல்லாருக்குன்னு சொல்றவகட்ட எம்பேரைச் சொல்லுங்க. நல்லா இல்லைன்னு சொன்னாகன்னா அச்சுப் பிழைன்னு சொல்லிருங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். உனக்கு வலித்திருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். பதினோரு நாள் கழித்து உன் அண்ணன் போன் செய்தார்.

இரண்டாம் பதிப்பை இந்த முறை ஒரு பதிப்பகம் கொண்டுவருகிறது. முன்னுரையில் நடந்ததை நடந்தபடி எழுதி, அந்த இரண்டு வரிக்குக் கீழே அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன். பதிப்பாளர் போனில், "இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு டீச்சர்? உங்களைத்தான் தப்பா நெனைப்பாக" என்றார். நினைக்கட்டும் என்றேன். இந்த மடலில் எழுதாத உன் பெயரை அங்கே இனிஷியலோடு முழுசாக எழுதியிருக்கிறேன். ஆமத்தூருக்குப் போய் உன் அண்ணனிடம் வாசித்தும் காட்டினேன். அவர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

இதனால் பாரம் இறங்கிவிட்டதென்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோது உனக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியது அது. இப்போதும் எங்காவது கூட்டத்தில் எனக்காகக் கைதட்டுகிறார்கள். உடனே கைகூப்ப முடிவதில்லை. முதலில் கடைசி வரிசையைப் பார்க்கிறேன், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.