காட்டுப் பாதைச் சுவர்

அர்பூயேர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாயிலிஸ்,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் பாரிஸில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வழக்கமாக அடுத்த வரியில் உன்னை நாலு கேள்வி கேட்பேன், இந்த முறை கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். என்ன இது, அம்மா தாளில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே நீ பரவாயில்லம்மா விடு என்பாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

ஆடுகள் எல்லாம் மலையிலிருந்து இறங்கிவிட்டன, தெருவெல்லாம் புழுக்கை. அப்பாவின் முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது, பனிக்காலம் வருவதற்குள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றால், பனி தள்ளும் வண்டியை ஓட்டுவது காலா கையா என்று கேட்கிறார். முட்டைக்கோஸ் சூப்பில் இப்போது வாத்துக்கறி போடுவதில்லை, அவருடைய ரத்தக் கொழுப்புக்காக, அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என் மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டு வருகிறவர்கள் அதிகம், ஆனால் அதில் பாதிப் பேருக்கு இருமல் இல்லை, என் முகத்தைப் பார்த்துப் போகத்தான் வருகிறார்கள்.

இது எந்தப் பருவம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதக் கடைசியில் உங்கள் அலுவலகம் அடுத்த ஜூலை சைக்கிள் பந்தயத்தின் வழியை அறிவிக்கும், அதுவரை இந்தப் பள்ளத்தாக்குக்கு வேறு பேச்சில்லை. ஒதிலின் ஹோட்டலில் காபி இயந்திரத்துக்கு மேலே வழக்கம்போல வரைபடத்தை மாட்டியாயிற்று, ஆளுக்கொரு நிறத்தில் குண்டூசி, தப்பாகச் சொன்னவர்கள் சேர்ந்து பன்றித் தொடை வாங்கிப் போட வேண்டும். ஓய்வு பெற்ற தபால்காரர் ஃபாப்ரிஸ் தினமும் கீழ்ப்பள்ளத்தாக்கு ஹோட்டல்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு ஜூலையில் அறை இருக்கிறதா என்று கேட்கிறார், இல்லை என்றால் அவருக்குச் சந்தோஷம், சைக்கிள் கோஷ்டிக்கு எடுத்துவைத்துவிட்டார்கள் என்று அர்த்தமாம். எங்காவது புதுத் தார் தெரிந்தால் அதுவும் ஓர் அத்தாட்சி. நான் ஒவ்வொரு வருஷமும் போய் உட்கார்ந்து ஒரே பதிலைச் சொல்கிறவள், சாலையில் குழி விழுந்தால் தார் போடுவார்கள், அறை இல்லையென்றால் எங்கோ கல்யாணம் என்று. நான் எதையும் நம்பாதவள் என்று ஊருக்கே தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இருந்தது.

ஆகஸ்டில் நீ வந்தபோது சாப்பாட்டு மேஜையில் அப்பாவிடம் ஒன்று கேட்டாய். மர ஆலைக்கு மேலே காட்டுப் பாதையில் இடிந்த தாங்குசுவரை அவருடைய சாலை ஆட்கள் குளிருக்குள் கட்டி முடிப்பார்களா என்று. முடிப்பார்கள் என்று அப்பா சொல்லி ரொட்டியை நனைத்துக்கொண்டார், நீ உடனே பேச்சைத் தக்காளிச் செடிக்கு மாற்றினாய். உன் வேலையைப் பற்றி நீ வாய் திறப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை, அது நம் வீட்டு ஏற்பாடு. ஆனால் நீ ஏன் கேட்டாய் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்தது தப்பில்லை. புரிந்துகொண்டதை நினைத்து நினைத்து நான் மெல்லச் சுவைத்துக்கொண்டிருந்தேன் பார், அங்கேதான் தொடங்கியது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கடையைச் சாத்திவிட்டு ஒதிலிடம் போனேன், வெளியே மழை. ஃபாப்ரிஸ் பெரிய சாலை வழியாகத்தான் கணவாய்க்கு வருவார்கள், பனிச்சறுக்கு நிலையத்தில் முடிப்பார்கள் என்று சிவப்புக் குண்டூசியைக் குத்திவிட்டு, கீழ ஒரு ரூம் கிடையாது, எல்லாரும் ஒரே நாள்லயா கல்யாணம் பண்றாங்க மருந்தம்மா என்று என்னைச் சீண்டினார். அது பாட்டுக் குழுக்களின் விழா என்றேன். அவர் விடவில்லை, உங்க பொண்ணுதான் அங்க இருக்கே, ஒண்ணும் சொல்லலியா, இல்ல அங்க ஸ்டாம்பு ஒட்டற வேலைதான் குடுத்திருக்காங்களா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஒதில், ஐயோ பாவம், தபால்காரருக்கு எல்லாரும் ஸ்டாம்பு ஒட்டறவங்கதான் என்று எனக்காகப் பேசினாள். அதோடு விட்டிருக்கலாம். நான் கோப்பையை வைத்துவிட்டு, பெரிய சாலைல வரப்போறவங்க காட்டுப் பாதைச் சுவரைப் பத்தி ஏன் விசாரிக்கணும் என்றேன்.

ஃபாப்ரிஸ் எழுந்து போய் தன் குண்டூசியைப் பிடுங்கி மர ஆலைக்கு மேலே குத்தினார். வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார்கள், நான் சொன்னதால் அதற்கு மேல் கேள்வி இல்லை. உனக்காக ரோஷப்பட்டுச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், அது உண்மையில்லை. அவர்களுக்கெல்லாம் தெரியாதது எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது மழையில் நனைந்ததுகூட உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். வழியை ஊகிக்கிறவர்கள் கூடும் இணையதளத்தில் ஃபாப்ரிஸ் அதைப் போட்டார், பந்தய அலுவலகத்துக்கு நெருக்கமான ஒருவர் சொன்னது என்று, அங்கிருந்து செய்தித்தாளுக்குப் போனது. நீ புதன்கிழமை ஃபோன் செய்தபோது கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா, சுவர் விஷயம் வெளிய யார்கிட்டயாவது சொன்னியா என்று கேட்டாய். இல்லை என்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லும்மா என்றாய். அப்போது நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், இருக்காமல் போனால் நல்லது, இந்த ஊர் வியாதியையெல்லாம் இருபது வருஷமா வெளிய விடாம வச்சிருக்கேன், உன் ஒரு கேள்வியை வச்சுக்க மாட்டேனா என்றேன். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய் மாயிலிஸ். கேட்டிருக்கக் கூடாதும்மா, தப்பா எடுத்துக்காத என்றாய். நான், பரவாயில்லை என்றேன். நான் மன்னித்தேன் உன்னை.

நான் பொய் சொன்னேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது, வேறு எவரிடமிருந்தும் இல்லை.

வெள்ளிக்கிழமை நீ மறுபடி பேசி, பழி உன்னோடு வேலை பார்க்கும் லோயிக் மேல் விழுந்திருக்கிறது என்றாய், ஜூனில் அவன் சாலையைப் பார்க்க வந்து ஒதிலிடம் ஓர் இரவு தங்கியதற்காக அவனை வழி பார்க்கும் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை விசாரணை என்றாய். எங்க வீட்டுலேருந்து விஷயம் போகலைன்னு நான் சத்தியம் பண்ணிட்டேன்மா என்றாய். அதைக் கேட்ட பிறகும் நான் உன்னிடம் கேட்டது என்ன, ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று. அந்தப் பையன் நம் வீட்டுக்கு வந்து அப்பாவோடு விறகு பிளந்தவன்.

அப்பாவுக்கு நேற்றுத்தான் தெரிந்தது, ஒதிலே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், உங்க வீட்டம்மா ஒரே வார்த்தையில ஃபாப்ரிஸ் வாயை அடைச்சாங்க என்று. வந்து என்னைப் பார்த்தார், நீயா கொரின் என்றார், தலையாட்டினேன். கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சாலை வேலைக்காரன்தானே, சுவரைப் பத்தி நான் குடிச்சுட்டு உளறினேன்னு சொல்லிடட்டுமா, என்னை யார் என்ன செய்யப்போறாங்க என்றார். ஒரு நிமிஷம் நான் அதையும் யோசித்தேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த உறையில் இன்னொரு தாள் இருக்கிறது. அதில் வீட்டுச் செய்தி எதுவும் இல்லை, நான் யார், எங்கே, யார் முன்னால் என்ன சொன்னேன், லோயிக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிறகு நீ கேட்டபோது உன்னிடமும் பொய் சொன்னேன், அவ்வளவுதான், என் கையெழுத்தோடு. வியாழக்கிழமைக்கு முன்னால் அதை உன் மேலதிகாரியிடம் கொடு. நீ சாப்பாட்டு மேஜையில் கேட்டது அப்போது வெளியே வரும், உன் வேலைக்கு அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கொடு என்கிறேன். அதைக் கொடுக்கும்படி நான் உன்னைக் கேட்க வேண்டியிருப்பதே உனக்கு நான் செய்த இரண்டாவது கெடுதல். என்னைக் காப்பாற்றுவதற்காக அதைக் கிழித்துப் போடாதே. நீ கொடுக்கவில்லையென்றால் நானே ரயிலேறி வந்து கொடுப்பேன், கடையைச் சாத்துவதாகப் பலகை எழுதி வைத்துவிட்டேன்.

ஊரில் இதைச் சரிசெய்ய எனக்கு வழியில்லை. தப்பாகச் சொன்னேன் என்று ஃபாப்ரிஸிடம் சொன்னால் இன்னொரு பொய், உண்மை என்றால் அதைவிட மோசம். அவர் வந்து குரலைத் தாழ்த்தி, வேற ஏதாவது உண்டா மருந்தம்மா என்கிறார், நான் மருந்துப் பெட்டியை நீட்டுகிறேன். ஒதில் ஜூலைக் கூட்டத்துக்காக ஜன்னல் கதவுகளுக்கெல்லாம் வர்ணம் அடிக்கத் தொடங்கிவிட்டாள். வெளியே தெரிந்துவிட்டால் வழியையே மாற்றிவிடுவார்கள் என்று நீ முன்பு ஒரு தடவை பொதுவாகச் சொன்னது ஞாபகம் வந்து, அவள் ஏணி தெரிகிற பக்கமே நான் போவதில்லை. வழி எது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. இனி ஒருபோதும் சொல்லாதே.

உனக்கு எப்போதும் நல்ல மனிதர்கள் துணையாக இருக்கட்டும், உன் நேர்மைக்கு என்னால் வந்த இடைஞ்சல் உன்னோடு ஒட்டாமல் போகட்டும். லோயிக்கிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே, அதை நானே சொல்கிறேன், அவன் முகவரி மட்டும் அனுப்பு. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. அந்த இன்னொரு தாளை மறந்துவிடாதே, வியாழனுக்கு முன்.

அறிவிப்பு நாளில் ஊரே ஒதிலிடம் தொலைக்காட்சி முன் இருக்கும், நான் போகமாட்டேன். நம் காட்டுப் பாதை வந்தால் தெருவில் ஆரவாரம் கேட்கும், எல்லோரும் கடைக்கு வந்து என் கையைக் குலுக்குவார்கள், அதைத் தாங்க வேண்டும். வராவிட்டால், அது முதலிலிருந்தே இல்லையா, இல்லை என் ஒரு வாக்கியத்தால் இல்லாமல் போயிற்றா என்று சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
கொரின்