பதினேழாம் கேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்களுக்கு வரும் முதல் பேச்சு. அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், கம்பெனி வீட்டுக்குப் படி கட்டியவனே நான்தான் என்பது போல.

போன வாரம் போனில், நான் அனுப்பிய கற்பூரவல்லி எண்ணெயைக் குட்டிக்குப் பூசாதே, கொட்டிவிடு என்றேன். மறுநாளே கூப்பிட்டு, கொட்டாதே, மூடியின் சீலை உடைக்காமல் எடுத்து வை என்றேன். அப்பாவுக்கு நாளுக்கு ஒரு பேச்சாகிவிட்டது என்று சிரித்தாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் விவரம் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் தெரியாது. இதை நீ தனியாக உட்கார்ந்து படி.

பத்தொன்பது வருஷமாக எண்ணெய் வடிக்கிற அந்தக் கொப்பரையடியில் நான் நிற்கிறேன். இலை எல்லாம் ஒன்றுதான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களிடம் வருகிற கற்பூரவல்லி இலை அப்படியில்லை. மலைச்சரிவில் வளர்ந்து மழை ஓய்ந்ததும் அறுத்த இலையில் வெளிர் மஞ்சளாக எண்ணெய் இறங்கும், மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தால் லேசாகச் சுட்டுவிட்டு அடங்கிவிடும். தண்ணீர் காணாத சமவெளியில் கோடை உச்சத்தில் அறுத்த அதே செடியிலிருந்து செந்நிறமாக இறங்கும், வைத்த இடம் மிளகாய் அரைத்த கை போல எரியும். அதனால்தான் எங்கள் ரெஜிஸ்டரில் விளைந்த இடம், அறுத்த மாதம் என்று இரண்டு கட்டம் உண்டு. அதைப் பார்த்துத்தான் தைலம் கலக்குகிறவர்கள் அளவை வைப்பார்கள். கோடை எண்ணெய் என்றால் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும், குழந்தைத் தைலத்தில் ஊற்றவே கூடாது. இந்த வருஷம் மலைச்சரிவை மனை போட வளைத்துவிட்டார்கள். மேனேஜர் சமவெளியிலிருந்து லாரி லாரியாக இலையை இறக்கினார். அந்த இலையில் வடித்த பதினேழாம் கேன் நிரம்பியபோது எனக்குக் கண்ணே எரிந்தது. சார், இது வேற சரக்கு, சோதனை மிஷினை ரிப்பேர் பண்ணிட்டு அனுப்பலாம் என்றேன். எட்டு மாசமாக அந்த மிஷின் துணி போர்த்திக் கிடக்கிறது. அதான் உங்க மூக்கு இருக்கே, அதையே லேபுக்கு அனுப்பிடலாமா என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பேனாவை எடுத்து, மலை இலையில் வடித்த பதினாறாம் கேனின் வரிக்குக் கீழே இரண்டு கட்டத்திலும் மேற்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடமும் மாதமும் மாறாதபோது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், கை தானாகப் போகும். அன்றைக்கு என் கை தானாகப் போகவில்லை, தெரிந்துதான் எழுதினேன்.

நம் குட்டிக்கென்று நல்ல மலை எண்ணெயாகக் கொடு என்று ஸ்டோர்க்காரனிடம் கேட்டபோது, ரெஜிஸ்டரைப் பார்த்து அவன் சீல் வைத்துக் கொடுத்தது எந்தக் கேனிலிருந்து தெரியுமா. அனுப்பும்போது நான் லேபிளைப் பார்க்கவில்லை, போன வாரம் அவன் சொல்லித்தான் தெரிந்தது; நீயே பார், பதினேழு என்று இருக்கும். நான் எழுதிய பொய்யை நானே நம்பி உனக்குப் பார்சல் போட்டிருக்கிறேன்.

பேக்கிங்கில் ஒரு பெண் இருக்கிறாள், கை வேகத்துக்காகச் சிட்டு என்று கூப்பிடுவோம். பதினேழாம் கேன் எண்ணெய் கலந்த குழந்தைத் தைலத்தில், மூடி நசுங்கிய டப்பா ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். அதில் எழுதியிருந்த அளவுப்படிதான் தன் நாலு மாதக் குழந்தையின் நெஞ்சில் பூசியிருக்கிறாள். தோல் கொப்பளித்து, மூச்சு இழுத்துக்கொண்டது. இன்றோடு பதினோரு நாள், ஆஸ்பத்திரியில் வைத்த மூச்சுக் குழாயை இன்னும் எடுக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த கம்பெனி ஆட்கள் போகும்போது மறக்காமல் அந்த டப்பாவை எடுத்துப் போய்விட்டார்கள். மிச்ச எண்ணெயைச் சாக்கடையில் கொட்டிக் கேனைக் கழுவினார்கள், தெருமுனை வரை வாசம் அடித்தது. கடைகளுக்குப் போன டப்பாக்களும் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டன. தாய் அளவு தெரியாமல் அள்ளிப் பூசிவிட்டாள் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், போலீஸ் அவளை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே விசாரணைக்குக் கூட்டிப் போனது. நான் ஸ்டேஷனுக்குப் பார்க்கப் போனபோது அவள் அழவில்லை. அண்ணே, நான் அதிகமாப் பூசிட்டேனா, நீங்களே சொல்லுங்க என்று கையை விரித்துக் காட்டினாள். ரெஜிஸ்டர்படி அது நல்ல மலை எண்ணெய், அப்படியென்றால் குற்றவாளி அவள்தான். அவளைச் சிறைக்கு அனுப்பப் போவது என் கையெழுத்து.

அந்தக் கேனிலிருந்து உலகத்தில் மிஞ்சியிருப்பது உன் அலமாரியில் இருக்கும் பாட்டில் ஒன்றுதான். கொட்டிவிடு என்று நான் முதலில் சொன்னது குட்டிக்காக மட்டுமில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான். அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்துவிட்டு மறுநாள் கூப்பிட்டேன். இப்போது உன்னிடம் கேட்பது இது. சீலோடு அதை உங்கள் ஊரில் நல்ல சோதனைச் சாலையில் கொடு. பார்சல் வந்த உறையையும் கூடவே வை, தேதி அதில் இருக்கிறது. முடிவைப் பின்பக்கம் எழுதியிருக்கும் முகவரிக்கு அனுப்பு, அது சிட்டுவின் வக்கீல் முகவரி. நான் சாட்சி சொல்வேன். வேலை போகும், இந்த வீடும் போகும், ஒருவேளை என்னையும் உள்ளே வைப்பார்கள். அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன். அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டுப் பேசு, என்னைத் திட்டினால் திட்டட்டும், நீ சமாதானம் சொல்லாதே.

குட்டிக்குச் சளி பிடித்தால் டாக்டரிடம் போ. எங்கள் கம்பெனி என்றில்லை, எந்தக் கம்பெனி டப்பாவையும் படத்தைப் பார்த்து நம்பாதே. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல், மறைக்க வேண்டாம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அந்தக் குழந்தையையும் மனதில் நினைத்துக்கொள்.

ஒன்றை மறக்காதே. பாட்டிலோடு ஒரு சீட்டு எழுதி வைக்கச் சொல்வார்கள். விளைந்த இடம் சமவெளி, அறுத்த மாதம் கோடை உச்சம், வடித்தவர் என் அப்பா என்று ஒவ்வொன்றையும் முழுதாக எழுது. எங்கேயும் மேற்படி போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா